காத்து எவ்வளவு என்று கேட்டுப் பழகிவிட்டோம்

அம்மா வீட்டு மொட்டைமாடியில் ஒரு நீல டிரம் உண்டு. மேல்பக்கத்தை வட்டமாக அறுத்து எடுத்த பழைய கெமிக்கல் டிரம், மூன்றடி உயரம். ஐப்பசி பிறந்ததும் அதைத் தேய்த்துக் கழுவித் திறந்தவெளியில் வைத்துவிடுவார். மழைத்தண்ணீரில் துவரம்பருப்பு பூவாக வேகும், தாமிரபரணித் தண்ணீரே அதற்கு அடுத்தபடிதான் என்பது அவர் கட்சி. கூரையில் வடிந்த தண்ணீர் ஒரு சொட்டு அதில் சேரக்கூடாது. நேரே வானத்திலிருந்து விழுந்தால்தான் கணக்கு.

2023 டிசம்பர் 20, புதன்கிழமை மதியம், அந்த டிரம்முக்குள் இன்ச் டேப்பை விட்டுப் பார்த்தேன். இரண்டே கால் அடி. "சனிக்கிழமதான்யா கவுத்துக் கழுவி வச்சேன்" என்றார் அம்மா.

கீழே வீட்டுக்குள் சேறு. பட்டாசலில் கிடந்த கட்டில், தார்சாவில் கிடந்த பெஞ்சு, அடுக்களையில் இருந்த அரிசிப் பானை எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் டிரம்மை அளந்துகொண்டிருந்தானே என்று நினைக்கலாம். தொழில்புத்தி. பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தே தலை நரைத்துவிட்டது. எதைக் கண்டாலும் அளக்கத் தோன்றும்.

ஊர், ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவில். நான் இருப்பது பாளையங்கோட்டை. சாதாரண நாளில் ஒரு மணி நேரப் பயணம். அன்றைக்குப் பாதித் தூரம் பைக், மீதித் தூரம் டிராக்டர், கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடை.

அதற்கு மூன்று நாள் முன்னால், 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் போட்டிருந்தேன். மழை பெலத்துப் பெய்கிறது, ஜாக்கிரதை என்று சொல்லத்தான். அவர் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார். "காத்து எவ்வளவாம்?"

"காத்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. புயல் இல்ல, மழைதான்."

"அப்போ சரி" என்று வைத்துவிட்டார்.

காற்றை வைத்துச் சம்பளம் வாங்குகிறவன் சொன்ன பதில் அது. அந்த 'அப்போ சரி' இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62, நம்ம மூலைக்கரைப்பட்டி 61, மேலே மாஞ்சோலை 55. காயல்பட்டினம் ஒரு வருஷத்தில் பார்க்கிற மழையை விட அது கூடுதல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எல்லோரையும் மீட்டார்கள்.

இத்தனைக்கும் அது புயல் இல்லை. பெயர் வைக்கப்படவில்லை, எண் கொடுத்துக் கூண்டு ஏற்றும் அளவுக்குக் காற்று இல்லை. குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் சென்னை முங்கியதை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டினோம். எங்கள் தெருவிலிருந்து பாயும் பிஸ்கட்டும் அனுப்பியிருந்தார்கள். புயல் என்றால் அது வடக்கே நடக்கிற சமாச்சாரம் என்பது திருநெல்வேலிக்காரர்களின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிழக்கே இலங்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. வங்கக்கடலில் பிறக்கிற சுழல் வழக்கமாக வடமேற்காக நகர்ந்து சென்னைக்கோ ஆந்திராவுக்கோ போய்விடும். நாம் இருப்பதும் பூமத்திய ரேகைக்கு ரொம்பப் பக்கம், எட்டரை டிகிரி சொச்சம். பூமி சுற்றுவதால் காற்றுக்குக் கிடைக்கிற திருகல் அங்கே குறைவு, அதனால் ஐந்து டிகிரிக்குக் கீழே புயல் உருவாவதே அபூர்வம். 1964-ல் தனுஷ்கோடி, 1992 நவம்பரில் தூத்துக்குடி என்று எப்போதாவது ஒன்று தப்பி வரும். 2020 டிசம்பரில் புரெவி வருகிறது என்று தென்மாவட்டங்களுக்கு லீவு விட்டார்கள். அது பாம்பனுக்குப் பக்கத்திலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. இங்கே வெயிலடித்தது. அன்றைக்கு வாட்ஸாப்பில் வந்த கிண்டலுக்கு அளவே இல்லை. நானும் இரண்டு அனுப்பினேன்.

சரி, காற்றுக்கு வருவோம், எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான்.

காற்றாலையை எங்கள் பக்கம் காத்தாடி என்றுதான் சொல்வோம். காத்தாடியில் வேலைக்குச் சேருகிற பையனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். வேகத்தை அதே வேகத்தால் இரண்டு முறை பெருக்க வேண்டும். விநாடிக்கு 10 மீட்டர் அடித்த காற்று 11 மீட்டரானால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, கொடி கூடக் கொஞ்சம் அதிகமாகத்தான் படபடக்கும். ஆனால் சக்தி 33 சதவீதம் ஏறியிருக்கும். ஆனி, ஆடி சீசனில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று முதலாளிக்குப் பணமாவது இந்தக் கணக்கால்தான். விநாடிக்கு 25 மீட்டரைத் தொட்டதும், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரில், மெஷினை நிறுத்திவிடுவதும் இதே கணக்குக்குப் பயந்துதான். கட்-அவுட் என்போம். அதற்கு மேல் வருகிற காற்றால் லாபம் கிடையாது, பிளேடுக்கு ஆபத்து மட்டும்தான்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கெர்ரி இமானுவேல் என்றொரு விஞ்ஞானி இருக்கிறார். கடல் சூடானால் புயல்கள் எட்டக்கூடிய உச்ச பலமும் கூடும் என்று 1987-லேயே கணக்குப் போட்டு எழுதியவர். அவர் பிறகு புயலின் அழிவுச் சக்தியை அளப்பதற்கு எடுத்துக்கொண்டதும் இதே மும்மடிப் பெருக்கம்தான். அதைப் படித்தபோது, அட, நம்ம கணக்கு என்று தோன்றியது. காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி-யின் 2021 அறிக்கை, உலகம் 2 டிகிரி சூடானால் புயல்களின் உச்சக் காற்று சராசரியாக 5 சதவீதம் கூடும் என்கிறது. நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், "அஞ்சுதானா?" என்பார்கள். காத்தாடிக்காரன் அப்படிக் கேட்க மாட்டான். ஐந்து சதவீத வேகம் என்றால் கிட்டத்தட்ட 16 சதவீதச் சக்தி. இன்ன வேகம் வரைக்கும் தாங்கும் என்று கட்டிய கூரையும் மின்கம்பமும் அந்த எல்லையைத் தாண்டிய பிறகு வருகிற ஒவ்வொரு சதவீதமும் வேறு ரகம். 

கடல் சூட்டுக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு என்பதற்கு அம்மாவின் அடுக்களையிலேயே பதில் இருக்கிறது. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவி கையில் அடித்தால், கொதிக்கிற தண்ணீர் பட்டதை விட மோசமாக வெந்துபோகும். தண்ணீர் ஆவியாகும்போது அடுப்பிலிருந்து வாங்கி ஒளித்துவைத்த சூட்டை, கையில் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது மொத்தமாகக் கக்கிவிடுகிறது. புயலும் அதைத்தான் செய்கிறது. வெதுவெதுப்பான கடலிலிருந்து ஆவி மேலே ஏறும், பல கிலோமீட்டர் உயரத்தில் குளிர்ந்து மழைத்துளியாகும், ஒளித்த சூட்டை அங்கே விடும். சூடான காற்று இன்னும் மேலே போகும். கீழே அழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலும் இருந்து காற்று ஓடிவரும், பூமியின் சுழற்சியால் திருகிக்கொள்ளும். ஓடிவருகிற காற்று கடலைத் தடவிக்கொண்டே வருவதால் இன்னும் ஆவியைக் கொண்டுவரும். அடுப்பு கடல், புகைபோக்கி உச்சிவானம். கீழே 28, 29 டிகிரி, மேலே பூஜ்யத்துக்கும் கீழே 70 டிகிரி. இந்த வித்தியாசம்தான் எஞ்சினை ஓட்டுகிறது. கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்குக் கீழே இருந்தால் எஞ்சின் சாதாரணமாகப் பிடிக்காது.

இன்னொன்றும் உண்டு, அதைக் குளத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தியானம் குளத்தில் இறங்கினால் நெஞ்சளவுக்கு மேலே வெதுவெதுப்பு, காலடியில் ஜில்லென்று இருக்கும். நாலு பையன்கள் சேர்ந்து கலக்கினால் அடித்தண்ணீர் மேலே வந்து எல்லாம் குளிர்ந்துபோகும். புயலும் கடலை இப்படிக் கலக்குகிறது. அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீரைத் தானே இழுத்து மேலே விட்டு, தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். இயற்கை வைத்திருந்த பிரேக் அது. ஆனால் நாம் வெளியேற்றுகிற வாயுக்களால் பூமியில் தங்கிவிட்ட கூடுதல் சூட்டில் 90 சதவீதத்துக்கும் மேலே கடலுக்குள்தான் போயிருக்கிறது. சூடு ஆழத்துக்கும் இறங்கிவிட்ட இடத்தில் புயல் எவ்வளவு கலக்கினாலும் வெந்நீரே மேலே வரும். பிரேக் பிடிக்காது.

என் தங்கச்சி ஹூஸ்டனில் இருக்கிறாள். 2017 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் போன். நம்ம ஊரில் புயல் என்பதை அங்கே ஹரிக்கேன் என்கிறார்கள், ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் போனால் டைஃபூன். மூன்றும் ஒன்றுதான். ஹார்வி என்ற ஹரிக்கேன் டெக்சாஸ் கடற்கரையில் நான்காம் வகைப் புயலாகக் கரையேறியிருந்தது. அவள் இருக்கும் இடம் அங்கிருந்து தள்ளி. காற்று வலுவிழந்துவிட்டது என்று செய்தியில் பார்த்த நிம்மதியில் நான் இருந்தேன்.

"ஏண்ணே, காத்தே இல்ல. மழ மட்டும் நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

"காத்து இல்லல்லா? அப்புறம் என்ன?" என்றேன்.

ஆமாம், அம்மாவுக்குச் சொன்னதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

ஹார்வி நகராமல் அந்தப் பக்கமே நின்றுகொண்டது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஆவியை இழுத்து இழுத்துக் கொட்டியது. சில இடங்களில் மொத்தம் 1,500 மில்லிமீட்டரைத் தாண்டிய மழை, அதாவது என் அம்மாவின் டிரம்மில் ஐந்தடி. தங்கச்சி வீட்டில் கார் போனது, கீழ்த்தளம் போனது, ஆள் சேதமில்லை. பிறகு வந்த ஆய்வுகள், பூமி சூடாகாமல் இருந்திருந்தால் பெய்திருக்கும் மழையை விட அது சுமார் 15 சதவீதமோ அதற்கு மேலோ அதிகம் என்று கண்டன. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஆவியைச் சுமக்க முடியும் என்பது அடிப்படை இயற்பியல். புயல் என்பது சுற்றியிருக்கிற ஆவியையெல்லாம் ஒரே இடத்துக்கு அள்ளிக்கொண்டு வருகிற ஏற்பாடு என்பதால் அதற்குள் இந்தக் கணக்கு சில நேரம் ஏழிலும் நிற்காது.

ஹரிக்கேனுக்கு ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரிக்கிறார்கள் இல்லையா, அது முழுக்கக் காற்றை மட்டும் வைத்துப் பிரிப்பது. மணிக்கு 178 கிலோமீட்டர் என்றால் மூன்று, 252 என்றால் ஐந்து. நம் ஊரிலும் அப்படித்தான். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று வானிலை மையம் அடுக்குகிற படிகளெல்லாம் காற்றின் வேகப் படிகள். 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர் கிடைக்கும். மழைக்கு அந்த ஏணியில் ஒரு படி கூட இல்லை. ஆனால் அமெரிக்காவில் இப்படிப்பட்ட புயல்களில் செத்தவர்களில் பெரும்பாலோர் காற்றால் சாகவில்லை, தண்ணீரால் செத்தார்கள். கடல் ஏறி வந்தோ, மழை வெள்ளத்திலோ. 2024 செப்டம்பரில் ஹெலீன் புளோரிடாவில் கரையேறியது, ஆனால் பெரிய நாசம் கடலையே பார்க்காத ஆஷ்வில் பக்கத்து மலையூர்களில். மாஞ்சோலையில் 55 சென்டிமீட்டர் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹெலீனுக்குப் பிறகு அந்த ஆச்சரியம் கொஞ்சம் குறைந்தது.

இன்னொரு சங்கதி வேகம். சுழல் நகர்கிற வேகத்தையோ காற்றின் வேகத்தையோ சொல்லவில்லை, ஒன்றுமில்லாததாக இருந்தது பூதமாகிற வேகம். இதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒக்கி என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்.

2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே அது ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் குமரிக்கடலில் புயல். அதற்கும் மறுநாள் மிகத் தீவிரப் புயல். 30-ஆம் தேதி நான் முப்பந்தல் பக்கம் ஒரு சைட்டில் இருந்தேன். கார்த்திகையில் எங்களுக்கு வேலை குறைவு, கிரீஸ் போடுவது, போல்ட் முறுக்குவது, வருஷாந்திரச் சோதனை. மேலே ஏற வேண்டாம் என்று காலையிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டேன். கண்ட்ரோல் பேனலில் காற்றின் வேகம் காட்டும் எண் ஏறுவதை நின்று பார்த்தோம். ஒவ்வொரு மெஷினாக கட்-அவுட் ஆனது. அப்புறம் கரண்ட் போனது. எண்ணும் போனது, சத்தம் மட்டும் இருந்தது. ரப்பர் மரம் முறிகிற சத்தம் தேக்கு முறிவது மாதிரி இருக்காது, பட் பட்டென்று ஈரமாகக் கேட்கும் என்று தோவாளைக்காரப் பையன் ஒருவன் சொன்னான். குமரி மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்தது.

மரமும் கரண்டும் திரும்ப வந்துவிட்டன. கடலுக்குப் போனவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வரவில்லை. ஆழ்கடலில் பத்து நாள், பதினைந்து நாள் தங்கி மீன்பிடிக்கிறவர்கள் கிளம்பும்போது புயல் என்று ஒன்று கடலில் இல்லவே இல்லை. இடிந்தகரை, கூட்டப்புளி, உவரி என்று நம் கரையிலும் அந்த வாரம் யாரும் தூங்கவில்லை. உவரியில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், வள்ளம் வைத்திருந்தவர், சொன்னார்: "வாடக்காத்துன்னா வாட மாதிரி அடிக்கும், கொண்டலுன்னா கொண்டல் மாதிரி அடிக்கும். மொகத்தப் பாத்து ஆளச் சொல்லிருவோம். இது ராத்திரியோட ராத்திரியா மொகத்த மாத்திட்டு வந்துட்டு, சார்."

ஒரு நாளைக்குள் காற்று மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் கூடினால் அதைத் திடீர்த் தீவிரமடைதல் என்று கணக்கில் வைக்கிறார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக அளவில் இப்படி நடப்பது கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்பது ஐபிசிசி-யின் முடிவு. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோ நகரத்தை அடித்த ஓட்டிஸ் இதற்கு உச்ச உதாரணம். ஒரே நாளில் 185 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று கூடியது. சாதாரண வெப்பமண்டலப் புயல் என்று நினைத்துத் தூங்கப் போனவர்களின் வாசலில் ஐந்தாம் வகை வந்து நின்றது. முன்கணிப்பு மாதிரிகள் கோட்டை விட்டன. பாதையைச் சொல்வதில் வானிலைக்காரர்கள் வெகுவாக முன்னேறிவிட்டார்கள். பலத்தைச் சொல்வதுதான் இன்னும் கஷ்டம், சூடான கடல் அந்தக் கஷ்டத்தைக் கூட்டுகிறது. நாலு நாள் அவகாசம் இருந்த இடத்தில் ஒரு ராத்திரி அவகாசம் என்றால் பைபர் வள்ளத்தில் போனவன் எப்படித் திரும்புவான்?

நாம் புயல் என்றாலே கிழக்கே பார்ப்பவர்கள். ஒக்கி மேற்கே திரும்பி அரபிக்கடலுக்குள் போய்த்தான் முழு பலத்துக்கு வந்தது. அரபிக்கடல் முன்னெல்லாம் சாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தாரின் 2021 ஆய்வு, 2001 முதல் 2019 வரை அங்கே புயல்கள் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை விட 52 சதவீதம் கூடின என்றும், மிகத் தீவிரப் புயல்கள் 150 சதவீதம் கூடின என்றும் சொல்கிறது. அதே ஆய்வில் வங்கக்கடலின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருக்கிறது. 

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு "பார்த்தியா, குறையத்தானே செய்யுது" என்று என்னோடு மல்லுக்கு நிற்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி. பூமி சூடானால் புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை. உலக மொத்தத்தில் அது குறையலாம் அல்லது அப்படியே இருக்கலாம் என்கிறார்கள். வருகிறவற்றில் நான்காம், ஐந்தாம் வகையின் பங்கு, 2 டிகிரி சூட்டில், சுமார் 13 சதவீதம் கூடும், மழை சுமார் 14 சதவீதம் கூடும் என்பதுதான் கணக்கு. சந்தைக்கு வருகிற மாடு குறைகிறது, வருவதில் முட்டுகிற மாடு அதிகம். மறுபக்கத்தில், எந்தப் புயல் வந்தாலும் "எல்லாம் காலநிலை மாற்றம்" என்று முகநூலில் எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனது 1964-ல். அட்லாண்டிக்கில் 1980-களுக்குப் பிறகு ஹரிக்கேன்கள் கூடியதில் ஒரு பங்கு, அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆலைப் புகையைக் குறைத்ததற்குப் போகிறது. புகைத்தூசி வெயிலை மறைத்துக் கடலைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது, அது விலகியதும் கடல் சூடானது. நல்ல காரியம் செய்தாலும் ஒரு பில் வரத்தான் செய்கிறது.

காயல்பட்டினத்து 95 சென்டிமீட்டரை வைத்தும் நான் அப்படி ஒரு தீர்ப்பு எழுத மாட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கு வானம் மட்டும் காரணமில்லை. அதற்கு ஒரு சாட்சி சுவரில் இருக்கிறது.

தார்சாச் சுவரில், என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, கறுப்புப் பெயின்டில் ஒரு கோடு. பக்கத்தில் '13-11-92'. பெரியப்பா போட்டது. அந்த ராத்திரி மலையில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்து நின்ற மட்டம். திருநெல்வேலிப் பக்கத்தில் வெள்ளம் என்று பேச்சு வந்தால் பெருசுகள் எல்லாம் அந்த வருஷத்தில்தான் போய் நிற்பார்கள். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோவில் இருக்கிறதே, ஆற்றுக்குள்ளேயே கட்டியது, தண்ணீர் ஏறினால் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோவிலில் எதுவரை முங்கியது என்பதுதான் டவுன்காரர்களுக்கு அளவுகோல். எங்கள் வீட்டுக்கு பெரியப்பாவின் கோடு. சோபாவை எங்கே போடுவது, பிரிட்ஜை எந்தத் திண்டில் ஏற்றுவது என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நடந்தது. வீட்டு எலெக்ட்ரிக் வயரிங்கே அதற்கு ஒரு சாண் மேலேதான் ஓடுகிறது.

2023-ல் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு முழம் நின்றிருக்கிறது. சேற்றுத் தடம் தெளிவாகத் தெரிந்தது. ஆறு மட்டும் வந்திருந்தால் அவ்வளவு ஏறியிருக்காது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே வரிசையாகக் குளங்கள், ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிற ஏற்பாடு. அந்த மறுகால் ஓடைகள் சீமைக்கருவேல் மண்டி, பிளாட் போட்டு, பாதி காணாமல் போயிருந்தன. குளங்களில் முழங்கால் அளவு வண்டல். ஒரு கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கரையை உடைக்கும். முன்னோர் கட்டியது அவர்கள் பார்த்த மழைக்கு. நாம் அந்த மழைக்கே தாங்காதபடி அதைக் கெடுத்துவைத்திருக்கிறோம். மேலே பெய்வதோ கூடிக்கொண்டு போகிறது. கரையோர ஊர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ஒரு புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது ஏறத் தொடங்குகிற முதல் படியே இப்போது ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.

அம்மா அந்த இரண்டு ராத்திரியும் மச்சு அறையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரோடு இருந்திருக்கிறார். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் கரண்டைக்கால் அளவு. பன்னிரண்டுக்குத் திண்ணை. ஒரு மணிக்கு வாசல்படியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டு, சாமி படத்தையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார். போன் செத்துவிட்டது. குடிக்கவும் கஞ்சி வைக்கவும் டிரம் தண்ணீர்தான். மோண்டு குடித்தது போக, பிறகு விட்டுவிட்டுப் பெய்ததும் சேர்ந்து மிச்சம் இருந்ததைத்தான் நான் டேப் விட்டு அளந்தேன். "காத்து இல்லன்னியேய்யா" என்று ஒரு தடவைதான் கேட்டார், குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா கேட்டார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, புதுத் தடத்துக்கு நேரே பெயின்டில் ஒரு கோடு போடச் சொன்னேன். '17-12-23'. இரண்டு கோடும் இப்போது சுவரில் இருக்கின்றன. அதற்கு அடுத்த வாரம் எலெக்ட்ரீஷியன் வந்தார், எங்கள் தெருப் பையன்தான். இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து போயிருந்தது. புதிது வாங்கியாயிற்று, எந்த உயரத்தில் ஸ்டாண்ட் அடிப்பது என்று கேட்டார்.

"புதுக் கோட்டுக்கு மேல ஒரு அடி விட்டுப் போடவா, அண்ணாச்சி?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 92-க்கும் 23-க்கும் நடுவே ஒரு முழம். ஆற்று வெள்ளம் ஒரு பங்கு, குளத்து உடைப்பு ஒரு பங்கு, கடல் சூடு ஒரு பங்கு என்று மனசுக்குள் பிரித்துப் பார்த்து, அடுத்த முப்பது வருஷத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்று ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். இவ்வளவு படித்தும் சுவரில் ஆணியடிக்க ஓர் இடம் சொல்ல முடியவில்லை.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவன்ட்ட என்னத்தக் கேக்க? மச்சுல கொண்டு வையி."

பையன் படிக்கட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார்.

"அப்போ வயர் இன்னும் பதினஞ்சு மீட்டர் வேணும், அண்ணாச்சி."